கையெழுத்து வைக்குமுன்

(தோட்டத் தலைவர், தலைவிகளுக்கான தொழிற்சங்கக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றி நாம் பல வகுப்புகளில் பேசியிருக்கிறோம். இன்று கையெழுத்தைப் பற்றிப் பேசுவோம். வழக்கு என்று வந்ததும் சட்டத்தரணியிடம் போகிறோம். அங்கே தாள்களை நீட்டுகிறார்கள். எந்த இடத்தில் வைப்பது என்று மட்டும் கேட்கிறோம். இது என்ன தாள் என்று கேட்பதில்லை. படித்தவரிடம் கேள்வி கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிறோம். துரை முன்னால் கைகட்டி நின்ற காலத்துப் பழக்கம் நம்மை இன்னும் விடவில்லை. ஆனால் சட்டத்தரணி நமக்குத் துரை இல்லை. நாம் கட்டணம் கொடுத்து நம் வேலையை ஒப்படைக்கும் ஒருவர். கேட்பது நமது உரிமை, சொல்வது அவரது கடமை.

முதலில், நமது பிரச்சினைக்குச் சட்டத்தரணி தேவையா என்று பாருங்கள். வேலைநீக்கம் என்றால் 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்க கைத்தொழில் பிணக்குச் சட்டத்தின் கீழ், அங்கத்தவருக்காகச் சங்கமே தொழில் நியாயசபையில் மனுச் செய்யலாம். சங்கப் பிரதிநிதியே அங்கு பேசவும் முடியும். ஆனால் அதற்குக் காலக்கெடு உண்டு. ஆகவே வேலைநீக்கக் கடிதம் கிடைத்த அன்றே தலைவரிடம் கொடுங்கள். சேமலாப நிதியோ சேவைக்காலப் பணமோ கிடைக்காவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். அதற்கும் சட்டத்தரணி கட்டாயமில்லை.

ஒரு கணக்குப் பார்ப்போம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க பணிக்கொடைச் சட்டப்படி நாட்சம்பளக்காரருக்கு, பூர்த்தியான ஒவ்வொரு வருட சேவைக்கும் 14 நாள் சம்பளம். 30 வருடம் கொழுந்தெடுத்த ஒரு தாய்க்கு 420 நாள் சம்பளம் வர வேண்டும். "வாங்கித் தருகிறேன், மூன்றில் ஒரு பங்கு எனக்கு" என்று ஒரு தரகர் சொன்னால், அவர் கேட்பது 140 நாள் உழைப்பு. இலவசமாக முறையிடக்கூடிய ஒரு காரியத்துக்கு அந்தத் தாய் 140 நாள் மலையேறிய கூலியைக் கொடுக்க வேண்டுமா?

காணி வழக்கு, குடும்ப வழக்கு, பொலிஸ் வழக்கு என்றால் சட்டத்தரணி தேவைப்படும். அப்போது மூன்று தாள்களை வேறுபடுத்தி அறிந்துகொள்ளுங்கள்.

முதலாவது பிரக்சி. சிவில் வழக்கில் எனக்காக இவர் தோன்றலாம் என்று நாம் கையெழுத்திட்டு நீதிமன்றத்தில் கோவைப்படுத்தும் பத்திரம் அது. அது ஒருமுறை கோவைப்பட்டால், சட்டத்தரணியை மாற்ற நினைத்ததும் வேறொருவரிடம் போய்விட முடியாது. அவருக்கு எழுத்தில் அறிவித்து, நீதிமன்றத்தின் அனுமதியோடுதான் அதை இரத்துச் செய்யலாம். சமரசம் செய்யவும் பணத்தைப் பெறவும் அதில் அதிகாரம் எழுதப்பட்டிருக்கிறதா என்று வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். எழுதப்படாத வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வைக்காதீர்கள்.

இரண்டாவது கட்டண உடன்பாடு. பிரக்சியில் கையெழுத்து வைத்ததால் கட்டணம் பேசி முடிந்தது என்று ஆகாது. முழு வழக்குக்கும் ஒரே தொகையா, ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனியா? வழக்குத் தள்ளிப்போனால் அன்றைக்கும் கொடுக்க வேண்டுமா? முத்திரை, பிரதிகள், போக்குவரத்து இவற்றுக்கு யார் செலவு? மேன்முறையீடு இதில் அடங்குமா? சட்டத்தரணி வராமல் கனிஷ்ட சட்டத்தரணி வந்தால் என்ன கணக்கு? இவற்றை ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, ஒரு பிரதியை நாம் வைத்துக்கொள்ள வேண்டும். கொடுக்கும் ஒவ்வொரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டு வாங்க வேண்டும். நேர்மையான சட்டத்தரணிக்கு இது சங்கடம் தராது. பிறகு அவருக்கும் நமக்கும் மனக்கசப்பு வராமல் காப்பதும் இந்தத் தாள்தான்.

மூன்றாவது அற்றோணித் தத்துவம். இது நீதிமன்றத்தில் தோன்றுவதற்கான பத்திரம் கிடையாது. நமக்குப் பதிலாக இன்னொருவர் காணியை விற்க, வங்கிப் பணத்தை எடுக்க, உறுதியில் கையெழுத்திட அதிகாரம் தரக்கூடிய பத்திரம். வழக்குக்கு என்று போன இடத்தில் இதை நீட்டினால், சங்கக் காரியாலயத்தில் காட்டாமல் கையெழுத்து வேண்டாம்.

தாள் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால் தமிழில் விளக்கம் கேளுங்கள். நீதிமன்றத்தில் தமிழில் ஆவணம் சமர்ப்பிக்கவும், மொழி விளங்காதவர் மொழிபெயர்ப்பைப் பெறவும் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. நீதிமன்றத்தில் உள்ள உரிமையைச் சட்டத்தரணியின் மேசையில் நாம் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

நமக்கும் கடமை உண்டு. நடந்ததை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நாம் சொல்லும் இரகசியத்தைக் காப்பது சட்டத்தரணியின் கடமை. 1988ஆம் ஆண்டின் உயர் நீதிமன்ற விதிகள் அவர்களது நடத்தையை ஒழுங்குபடுத்துகின்றன. தவறாக நடந்தால் விசாரித்து, தொழிலிலிருந்து நீக்கும் அதிகாரமும் உயர் நீதிமன்றத்துக்கு உண்டு. நாமும் தவணைக்குத் தவறாமல் போக வேண்டும். சம்பளத் துண்டு, கடிதம், மருத்துவத் துண்டு எதையும் எறியக் கூடாது. கட்டணம் கொடுக்க வசதியில்லாதவர்கள் 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

தலைவர், தலைவிகளிடம் நாம் கேட்பது இரண்டு காரியம். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியிலும் ஒரு வழக்குக் கொப்பி வையுங்கள். யாருடைய வழக்கு, எந்தச் சட்டத்தரணி, பேசிய கட்டணம், கொடுத்த தொகை, அடுத்த தவணை எல்லாவற்றையும் அதில் எழுதுங்கள். அடுத்தது, நம் லயத்திலிருந்து யாரும் தனியாகப் போய்க் கையெழுத்தோ பெருவிரல் அடையாளமோ வைக்க விடாதீர்கள். வாசிக்கத் தெரிந்த ஒருவர் கூடப் போகட்டும். சாதாரண தரம் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், முதலில் அந்தப் பிள்ளை தாளை வாசித்துக் காட்டட்டும். நாம் பள்ளிக்கூடத்தில் எழுத்துச் சொல்லிக் கொடுப்பது பரீட்சைக்கு மட்டுமா?

வாசித்து, விளங்கி, பிரதி வாங்கிக்கொண்டு கையெழுத்து வைப்போம்.