ஒரு வகுப்பில் பத்துப் பிள்ளைகள்

(திருவனந்தபுரத்தில் நடந்த சங்கக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சங்கக் கூட்டம் என்றால் நாம் வெளியே பார்த்துத்தான் பேசுவது வழக்கம். கூலி, வீட்டு வாடகை, ரேஷன் கார்டு என்று நம் குறைகளுக்கு முடிவில்லை. இன்று ஒரு நாள் நம் வீட்டுக்குள்ளே பார்த்துப் பேசுவோம். நம் தமிழ், நம் பண்பாடு என்று மேடையில் முழங்குகிறோமே, ஒரே கூரையின் கீழ் வாழும் நாமே அதை ஒரே கண்ணால் பார்க்கிறோமா?

நம் வீடுகளில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆச்சி நெல்லைச் சீமையிலிருந்து வந்தவள். கோயில் கொடைக்கு ஊருக்குப் போக முடியவில்லையே என்பது அவள் ஏக்கம். அப்பா சாலைக் கடைத்தெருவில் கடைச் சிப்பந்தி. சங்கக் கூட்டத்தில் "தமிழ் வாழ்க" என்று முதல் குரல் கொடுப்பவர் அவர்தான். அம்மா நான்கு வீடுகளில் வேலை செய்கிறாள். "மலையாளத்தை ஒழுங்காய்ப் படி, பி.எஸ்.சி. எழுதி ஒரு வேலைக்குப் போ" என்பது அவள் பேச்சு. மகனைத் தெருவில் தமிழில் கூப்பிட்டால், மலையாளத்தில் பதில் சொல்லிவிட்டு விலகி நடக்கிறான். மகளோ தோழிகளோடு ஆற்றுகால் பொங்காலைக்குப் போய்வருகிறாள்.

இவர்களில் யார் பண்பாட்டை மதிக்கிறவர், யார் மதிக்காதவர்? அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

அம்மா தமிழுக்கு எதிரியா? மருத்துவமனைச் சீட்டையும் வார்டு அலுவலக விண்ணப்பத்தையும் படிக்கத் தெரியாமல் அடுத்தவர் முகம் பார்த்து நின்றவள் அவள். தன் பிள்ளைக்கு அந்த நிலை வரக்கூடாது என்று நினைக்கிறாள். மகன் ஏன் விலகி நடக்கிறான்? பள்ளியில் "பாண்டி" என்ற ஏச்சைக் கேட்டவன் அவன். அந்தச் சொல்லின் காயத்தை அவன் நம்மிடம் சொன்னதில்லை, நாமும் கேட்டதில்லை. மகள் பொங்கலிடப் போகும் ஆற்றுகால் பகவதியைக் கண்ணகியாகவே இவ்வூர் மக்கள் வழிபடுகிறார்கள். திருவிழாவில் பாடப்படும் தோற்றம் பாட்டும் கண்ணகி கதைதான். நாம் சொல்லிக் கொடுக்காத கண்ணகியை அவள் மலையாளத்தில் கேட்டுவிட்டு வருகிறாள். இது குற்றமா?

பண்பாடு பட்டா நிலம் போன்றதல்ல. தகப்பன் பெயரிலிருந்து மகன் பெயருக்குத் தானாக மாறிவிடாது. இதற்கு இந்த நகரமே சாட்சி.

மனோன்மணீயம் சுந்தரனாரை அறியாத தமிழர் உண்டா? 1855இல் ஆலப்புழையில் பிறந்து, இதே திருவனந்தபுரத்தில் மகாராஜா கல்லூரியில் தத்துவம் போதித்தவர். 1891இல் அவர் வெளியிட்ட மனோன்மணீயத்தின் வாழ்த்துப் பகுதியைத்தான் 1970இல் தமிழக அரசு தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றது. 2021இல் அது மாநிலப் பாடலாகவும் அறிவிக்கப்பட்டது. அவர் 1897இல் மறைந்தபோது மகன் நடராஜ பிள்ளை சிறு பிள்ளை. அந்தப் பிள்ளை வளர்ந்து, சமஸ்தானத்தில் பொறுப்பாட்சி கேட்டுப் போராடினார். 1954இல் பட்டம் தாணுபிள்ளை அமைச்சரவையில் திருவிதாங்கூர்-கொச்சியின் நிதியமைச்சரானார். நிலச் சீர்திருத்த மசோதாக்களைக் கொண்டுவந்தார். 1962இல் திருவனந்தபுரம் தொகுதியிலிருந்து மக்களவைக்கும் சென்றார்.

ஆனால் அந்த அமைச்சரவையின் காலத்தில்தான், 1954 ஆகஸ்ட் 11 அன்று, தென் திருவிதாங்கூர்த் தமிழர்கள் தமிழகத்தோடு இணையக் கோரி நடத்திய போராட்டத்தில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. தமிழ்த்தாய்க்குப் பாட்டெழுதியவரின் மகன் அன்று எதிர்ப்பக்கத்து அரசில் அமைச்சர்! அவர் மனத்தில் தமிழுக்கு என்ன இடம் இருந்தது என்று நாம் தீர்ப்பெழுத வேண்டாம். ஏழைக் குடியானவனுக்காக உழைத்தவர் என்ற மதிப்பு அவருக்கு உண்டு. அத்தகைய குடும்பத்திலேயே தகப்பனின் பாதை ஒன்றாகவும் மகனின் பாதை வேறாகவும் போனது என்றால், நம் வீட்டுப் பிள்ளையைப் பார்த்து "நீ தமிழனே இல்லை" என்று கத்துவதில் என்ன நியாயம்?

இன்னொரு சாட்சியும் சொல்வோம். எழுத்தாளர் ஆ. மாதவன் சாலைத் தெருவில் பாத்திரக் கடை நடத்தியவர். பள்ளியில் படித்தது மலையாளம். பத்திரிகைகளையும் நூல்களையும் தேடிப் படித்துத் தமிழைத் தாமே கைவசப்படுத்திக்கொண்டார். நாம் தினம் நடக்கும் அந்தத் தெருவையும் அதன் உழைப்பாளிகளையும் கதையாக எழுதினார். 2015இல் சாகித்திய அகாதமி விருது அவரைத் தேடி வந்தது. 2021இல் மறையும்வரை அவர் இந்நகரத்து மனிதராகவே வாழ்ந்தார். மலையாளப் பள்ளி அவருடைய தமிழைக் கெடுக்கவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் தமிழ் ஏடு இருந்தது, படிக்கும் ஆசையும் இருந்தது. நம் வீடுகளில் எத்தனை வீட்டில் ஒரு தமிழ் ஏடு இருக்கிறது? தொலைபேசியில் தமிழ்ப் படம் ஓடுவதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்!

இனிச் சட்டத்துக்கு வருவோம். 2017இல் கேரளச் சட்டமன்றம் பத்தாம் வகுப்புவரை எல்லாப் பள்ளிகளிலும் மலையாளத்தைக் கட்டாயப் பாடமாக்கியது. அதை எதிர்த்துக் கொடி பிடிப்பது நம் வேலையல்ல. இந்த மண்ணின் சோற்றை உண்கிறோம், இதன் மொழியை நம் பிள்ளைகள் நன்றாகவே படிக்கட்டும். ஆனால் கூடவே தமிழும் வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கப் பள்ளியில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்துதர மாநில அரசு முயல வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு. அது நடைமுறைக்கு வந்த நாள் 1956 நவம்பர் 1. கேரளம் பிறந்த அதே நாள்!

அதற்கும் முன்னரே, 1949 ஆகஸ்டில் கூடிய மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு ஒரு கணக்குச் சொன்னது. தொடக்கப் பள்ளியில் அம்மொழி பேசும் பிள்ளைகள் பள்ளி முழுவதிலும் 40 பேர், அல்லது ஒரே வகுப்பில் 10 பேர் இருந்தால் ஓர் ஆசிரியரை நியமிக்க வேண்டும் என்பதே அது.

பத்துப் பிள்ளைகள், தோழர்களே! "தமிழ் வகுப்பு எங்கே?" என்று அதிகாரியிடம் கேட்கும் முன், "பத்துப் பேர் எங்கே?" என்று அவர் திருப்பிக் கேட்டால் நம் பதில் என்ன? மேடையில் முழங்கும் நாமே, ஜூன் மாதம் பள்ளிச் சேர்க்கையின்போது தமிழ் வேண்டும் என்று எழுதிக் கொடுக்காமல் திரும்பி வருகிறோம். இந்தக் குறையை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

ஆகவே மூன்று காரியங்கள் செய்வோம். முதலாவது, மொழிக்காகப் பிள்ளையைத் திட்டுவதை நிறுத்துவோம். பள்ளியில் அவன் பட்ட அவமானத்தைக் காது கொடுத்துக் கேட்போம். இரண்டாவது, ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் தகப்பன்மார் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுத்துச் சொல்லிக் கொடுப்போம். எழுதத் தெரியாதவர் பிள்ளையோடு சேர்ந்து படிக்கலாம், அதில் வெட்கமில்லை. இந்தச் சுமையையும் தாய்மார் தலையில் ஏற்றிவிடாதீர்கள். மூன்றாவது, தெருத்தெருவாகப் போய்ப் பள்ளி வயதுப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் எடுப்போம். எந்தப் பள்ளியில் எந்த வகுப்பில் எத்தனை பேர் என்று கணக்கு நம் கையில் இருக்கட்டும். அதைக் கொண்டுபோய்க் கேட்போம்.

பட்டியல் எடுக்க இளைஞர்கள்தாம் முன்வர வேண்டும். விண்ணப்பத்தை நல்ல மலையாளத்தில் எழுத வேண்டும். அதை எழுதப் போவதும் நம்மைவிட மலையாளம் நன்றாக அறிந்த நம் மகள்தான். அவளை இனியும் குறை சொல்வோமா?

பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் முன்னால் வாருங்கள். ஏடும் பேனாவும் இங்கே தயாராக இருக்கின்றன.