எபிசோட் 41: கீழே தமிழ், மேலே பிரெஞ்சு

தாம்பரத்துல இருந்து பேசுறேன். நடுவுல ட்ரெயின் சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க.

மேற்குத் தாம்பரத்துல இருக்கிற எங்க தாத்தா வீட்டை பில்டர்கிட்ட கொடுக்கலாமா வேண்டாமான்னு ரெண்டு மாசமா வீட்டுல பேச்சு. அந்தக் குழப்பத்தோடதான் போன வாரம் பெருங்களத்தூர்ல பஸ் ஏறி பாண்டிச்சேரி போனேன். ஒரே ஒரு வீட்டுக்காக. பெரிய மார்க்கெட் பக்கத்துல, ரங்கப்பிள்ளை வீதியில இருக்கிற ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகை.

பிள்ளை 1709ல நம்ம பெரம்பூர்ல பிறந்தவர். பிரெஞ்சு கவர்னர் டூப்ளேவுக்குத் தலைமை துபாஷ். துபாஷ்னா ரெண்டு மொழிக்காரர். மொழிபெயர்ப்பு மட்டுமில்ல, வியாபாரம், பஞ்சாயத்து எல்லாம் அவர் வழியாத்தான். எங்க வேலையில ரெண்டு சிஸ்டம் ஒண்ணோட ஒண்ணு பேச நடுவுல ஒரு லேயர் வைப்போம். பிள்ளைதான் அந்த லேயர்.

1730கள்ல கட்டின அவர் வீடும் அப்படியேதான் இருக்கு. கீழ்த்தளம் முழுக்கத் தமிழ் வீடு: நடுவுல வானம் பார்த்த முற்றம், சுத்தித் தாழ்வாரம், செதுக்கின மரத்தூண்கள். மாடியில தூண் மாறிடுது. செங்கல் வெச்சு, சுண்ணாம்பு பூசின வெள்ளை வெளேர்னு பிரெஞ்சு பாணித் தூண்கள். ஆனா ரெண்டு தளமும் அதே முற்றத்தைத்தான் பார்க்குது. தூண்தான் மாறியிருக்கு, வீட்டோட கணக்கு மாறலை. பின்னாடி பாண்டிச்சேரி தமிழ்ப் பகுதியில பரவலா வந்த பாணி இது: கீழே திண்ணை, மாடியில வளைவு ஜன்னல்.

1761 ஜனவரியில பிள்ளை இறந்தார். சில நாள்ல ஊர் ஆங்கிலேயர் கையில விழுந்தது. கோட்டையையும் நகரத்தோட பெரும்பகுதியையும் இடிச்சுத் தள்ளினாங்க. இந்த வீடு தப்பிச்சது. இன்னொண்ணும் தப்பிச்சது: 1736ல இருந்து அவர் எழுதின நாட்குறிப்பு. யார் வந்தாங்க, என்ன பேசினாங்கன்னு சுமார் இருபத்தஞ்சு வருஷக் கதை. இன்னிக்கு அந்த வீடு நமக்குப் புரியுதுன்னா, அதுக்குக் காரணம் அந்த எழுத்து.

எல்லாக் கட்டடத்துக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்ல. அதே ஊர்ல, கடற்கரையில 1870கள்ல கட்டின மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில இடிஞ்சு விழுந்தது. பழைய தோற்றத்துலயே திரும்பக் கட்டி 2021ல திறந்தாங்க. எப்படி இருந்ததுன்னு தெரிஞ்சதால கட்ட முடிஞ்சது. எங்க தாத்தா வீடு எப்படி இருந்ததுன்னு நாளைக்கு யாருக்குத் தெரியும்?

எங்க வீடு மாளிகை இல்ல. ஒரு திண்ணை, மெட்ராஸ் டெரஸ் கூரை. மரக்கட்டைகளை வரிசையா வெச்சு, அதுமேல செங்கல்லை நிறுத்தி, சுண்ணாம்புல பிடிச்ச கூரை. போன மழையில ரெண்டு இடத்துல ஒழுகிடுச்சு. அதைச் சரிபண்ணத் தெரிஞ்ச கொத்தனார் இன்னும் கிடைக்கலை. வீட்டை வெச்சுக்கணும்னு நான் அப்பாகிட்ட சுலபமா சொல்லிடலாம், செலவு பண்ணப்போறது அவர்தான்.

அதனால முடிவு எதுவானாலும், ஞாயித்துக்கிழமை டேப் எடுத்துட்டுப் போறேன். ஒவ்வொரு அறையும் அளக்கணும். அந்தத் திண்ணையில யார் உக்காரலாம், யார் வாசலோட நின்னாங்கன்னு பாட்டிகிட்ட கேட்டு ரெக்கார்ட் பண்ணணும். அந்தக் கேள்விக்கு அவங்க என்ன சொல்வாங்களோன்னு கொஞ்சம் பயமாவும் இருக்கு.

உங்க வீட்டுலயும் இப்படிப் பேச்சு ஓடுதுன்னா, கையெழுத்துக்கு முன்னாடி ஒரு தடவை அளந்து வெச்சுடுங்க. அடுத்த எபிசோட்ல பேசலாம்.