51-ஆம் அத்தியாயத்தைத் திறந்து படியுங்கள்



யூதச் சிந்தனையை அறிமுகம் செய்யும் நூல்கள் பலவற்றில் நடுவே ஒரு கோடு கிழித்திருக்கிறார்கள். இந்தப் பக்கம் யூதத் தத்துவ ஞானி மைமோனிடீஸ், அரிஸ்டாட்டில், தர்க்கம், அறிவு. அந்தப் பக்கம் கபாலா என்னும் மறைஞான மரபு, கனவு, மந்திரம், மோசடி. இந்தக் கோட்டை அழுத்திக் கிழித்தவர் ஹைன்ரிஷ் கிரெட்ஸ். 1853 முதல் 1876 வரை 11 தொகுதிகளில் யூத வரலாற்றை எழுதி முடித்தவர். அந்த உழைப்பை நான் வணங்குகிறேன். ஆனால் ஸோஹர் என்னும் மறைஞான நூலைப் பொய்களின் மூட்டை என்று அவர் தூற்றியதை என்னால் மன்னிக்க முடியாது. தலைமுறை தலைமுறையாக ஒரு சமூகம் நெஞ்சோடு அணைத்து ஓதிய நூல் அது! வெளியூர் விருந்தாளி வருகிறார் என்று பாட்டியைக் கொல்லைப்புற அறையில் வைத்துப் பூட்டும் வீட்டுக்காரரைப் போல, ஐரோப்பியக் கனவான்கள் வருவார்கள் என்று தம் மூதாதையரின் ஞானத்தையே பூட்டி வைத்தார் அந்த மனிதர். அறிவு விழித்திருக்கும் வீட்டில் மறைஞானம் நுழையாது, நுழைந்தால் அறிவு தூங்கிவிட்டது என்று பொருள்: அவர் வழி வந்தவர்களின் வாதம் முழுவதும் இவ்வளவுதான். அவர்களிடம் எனக்கு ஒரே கேள்வி. பகுத்தறிவின் சிகரம் என்று தலையில் வைத்துக் கொண்டாடுகிறீர்களே, அந்த மைமோனிடீஸ் எழுதிய ‘குழம்பியோருக்கான வழிகாட்டி’யின் மூன்றாம் பாகத்தில் 51-ஆம் அத்தியாயத்தைப் படித்தீர்களா?

அதில் ஓர் அரண்மனை வருகிறது. உள்ளே அரசன் இருக்கிறான். மக்களில் சிலர் நகருக்கே வெளியில். சிலர் நகருக்குள் இருந்தும் அரண்மனைக்கு முதுகைக் காட்டி நடக்கிறார்கள். சிலர் அரண்மனையை நோக்கி நடந்தும் அதன் மதிலைக்கூட இன்னும் பார்க்கவில்லை. சிலர் மதிலைச் சுற்றிச் சுற்றி வந்து வாசலைத் தேடுகிறார்கள். சுற்றி வருகிறவர்கள் யார்? சட்டத்தைக் கரைத்துக் குடித்தும் அதன் வேர்களை ஆராயாத பண்டிதர்கள்! கணிதமும் தர்க்கமும் கற்பவனும் அவர்களோடு மதிலைத்தான் சுற்றுகிறான். இயற்கையை அறிந்தவன் முன்மண்டபத்துக்கு வருகிறான். மெய்ப்பொருளியலைக் கற்றுத் தேர்ந்தவன் உள்முற்றத்தில் நிற்கிறான். இதுவரை உங்கள் மைமோனிடீஸ்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் அங்கே நிற்கவில்லை. கற்று முடித்தவனுக்கு இனித்தான் வழிபாடு என்கிறார். ஷெமா என்ற வேண்டுதலை ஓதும்போது மனத்திலிருந்து மற்ற எல்லாவற்றையும் வெளியேற்று, அதைச் சில ஆண்டுகள் பழகு, பிறகு மற்ற ஓதல்களுக்கும் அதை விரிவாக்கு, தனிமையை நாடு என்று பயிற்சிமுறையே வகுத்துத் தருகிறார். கை உலக வேலை செய்துகொண்டிருக்க உள்ளம் இறைவனைவிட்டு அகலாத நிலையை மோசேயும் மூதாதையர் மூவரும் எட்டினார்கள் என்கிறார். மோசே, ஆரோன், மிரியாம் மூவரும் இறைவனின் முத்தத்தால் இறந்தார்கள் என்ற பழைய மரபை எடுத்து, அன்பின் உச்சத்தில் அறிவு உடலைவிட்டுப் பிரிந்த கணம் அது என்று விளக்குகிறார். மறைஞானத்துக்கு வேறென்ன அடையாளம் வேண்டும்? 15-ஆம் நூற்றாண்டில் இந்நூலுக்கு உரை எழுதிய ஷெம் தோவ் ஒரு செய்தியைப் பதிவு செய்திருக்கிறார். ஆசான் இந்த அத்தியாயத்தை எழுதியிருக்கவே மாட்டார், எழுதியிருந்தால் மறைத்துவிட வேண்டும், எரித்துவிட்டால் இன்னும் நல்லது என்று ரபிகள் பலர் சொன்னார்களாம். அன்றைய பண்டிதர்கள் எரிக்கச் சொன்ன அத்தியாயத்தை இன்றைய பகுத்தறிவாளர்கள் பக்கம் புரட்டித் தாண்டிப் போகிறார்கள்!

இனிக் கோட்டின் அந்தப் பக்கம் போவோம். இறைவனைப் பற்றி இன்னது அல்ல, இன்னது அல்ல என்று மறுத்துத்தான் பேச முடியும், எந்தக் குணத்தையும் ஏற்றிச் சொல்ல முடியாது என்பது ‘வழிகாட்டி’யின் முதற்பாகம் அத்தியாயம் அத்தியாயமாக நிறுவும் முடிவு. கபாலாவின் உச்சியில் இருப்பது எது? ஐன் ஸோஃப், முடிவிலி. அதற்குப் பெயரில்லை, உருவமில்லை, அதைப் பற்றிச் சொல்ல ஒரு சொல்லும் இல்லை. தத்துவம் வாய்மூடிய இடத்தில்தான் கபாலா தன் முதற்படியை வைக்கிறது. சான்று வேண்டுமா? ஸோஹரின் பெரும்பகுதியை எழுதியவர் என்று ஆய்வாளர்கள் காட்டுவது மோசே தெ லியோனை. அவருக்காக 1264-இல் படியெடுத்த ‘வழிகாட்டி’யின் எபிரேயக் கைப்பிரதி இன்றும் மாஸ்கோவில் இருக்கிறது! மோசடிக்காரர் என்று ஏசப்பட்டவர் இளமையில் மைமோனிடீஸைப் பக்கத்தில் வைத்துப் படித்திருக்கிறார். ஆபிரகாம் அபுலாஃபியாவைப் பாருங்கள். எழுத்துகளை மாற்றிக் கோத்து, மூச்சை ஒழுங்கு செய்து பரவசம் தேடிய மனிதர். 1280-இல் போப்பாண்டவரையே சந்திக்கப் புறப்பட்டுப் போய், தம்மை எரிக்கச் சொன்ன போப் திடீரென்று இறந்துபோனதால் தீக்குத் தப்பியதாகத் தாமே எழுதிவைத்தவர். அந்தப் பித்தர் ஊர் ஊராகப் போய்க் கற்பித்த நூல் எது? ‘வழிகாட்டி’! அதற்கு மூன்று உரைகளும் எழுதினார். அவர் 51-ஆம் அத்தியாயத்தைப் படித்திருந்தார். நம் அறிவாளிகள் படிக்கவில்லை.

பக்தர்கள் பக்கமும் நான் வரத்தான் வேண்டும். 1230-களில் மோன்பெல்லியே நகரில் மைமோனிடீஸின் நூல்களைத் திருச்சபைக் குருமாரிடம் காட்டிக்கொடுத்து எரிக்க வைத்தவர்கள் யூதர்களே என்று அன்றைய கடிதங்கள் சொல்கின்றன. வெட்கக்கேடு! ஆனால் அந்தச் சண்டையின் நடுவில் பிரான்சு நாட்டு ரபிகளுக்குக் கடிதம் எழுதி, அந்த நூல்கள்மீது விதித்த தடையை நீக்குங்கள், அந்தப் பெரியவரை அவமதிக்காதீர்கள் என்று வேண்டியவர் யார் தெரியுமா? ஜெரோனா நகரத்து நாஹ்மனிடீஸ், கபாலாவின் தொடக்ககாலப் பெரியவர்களில் ஒருவர். மைமோனிடீஸோடு அவருக்குக் கருத்து வேறுபாடு மலையளவு இருந்தது. அப்படியிருந்தும் அந்தத் தத்துவ ஞானிக்காகப் பரிந்து பேசினார் அந்த மறைஞானி. எகிப்தில் மைமோனிடீஸின் சொந்த மகன் ஆபிரகாம், தந்தையைத் தூற்றியவர்களுக்கு மறுப்பு நூல் எழுதினார். அதே ஆபிரகாம், பழைய தீர்க்கதரிசிகளின் வழி சூஃபிகளிடம் எஞ்சியிருக்கிறது என்று சொல்லித் தனிமைத் தியானத்தையும் பரப்பினார். தந்தையின் 51-ஆம் அத்தியாயத்தை வாழ்ந்து காட்டிய மகன் அவர்.

“இறைவனின் வெளிப்பாடுகளாகப் பத்து ஸெஃபிரோத் என்றும், இறைவனுக்குள் ஆண்மை பெண்மை என்றும் கபாலா பேசுகிறதே, மைமோனிடீஸ் இதை ஏற்பாரா?” என்று கேட்கிறார்கள். ஏற்கமாட்டார், கொதித்திருப்பார். அதை நான் மறைக்கவில்லை. இரண்டும் ஒன்றே என்று நான் எங்கே சொன்னேன்? ஒன்றோடொன்று மோதி, கடன் வாங்கி, பதில் சொல்லி வளர்ந்தவை என்கிறேன். “1666-இல் சபதாய் ஸெவி மெசியா வேடம் கலைத்து இஸ்லாத்துக்குப் போனானே, அது கபாலாவின் விளைச்சல்தானே?” என்பது அடுத்த கேள்வி. அந்த வெறியில் கபாலாவுக்குப் பங்கு உண்டு. ஆனால் அந்த வெறியின் மிச்சத்தை வேட்டையாடியவர் யார்? யாக்கோபு எம்டன், அவரும் கபாலாவை நம்பியவர்தான். 1768-இல் அவர் வெளியிட்ட நூல், ஸோஹரின் பகுதிகள் பிற்காலத்தவை என்று வரிவரியாகச் சோதித்துக் காட்டியது. கிரெட்ஸ் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, நம்பிக்கையை விடாமல் ஆராய்ச்சி செய்த மனிதர்! ஆராய்ச்சி செய்ய வசைபாட வேண்டியதில்லை என்பதற்கு அவரே சாட்சி.

கடைசியாக ஸ்பெயினின் சாலமோன் இப்னு கபிரோல். 11-ஆம் நூற்றாண்டில் அரபு மொழியில் அவர் எழுதிய ‘வாழ்வின் ஊற்று’ லத்தீனில் பெயர்க்கப்பட்டது. அவிசெப்ரோன் என்ற பெயரில் அவரை வாசித்த கிறிஸ்தவ அறிஞர்கள், ஆசிரியர் முஸ்லிமா கிறிஸ்தவரா என்று ஊகித்தார்களே தவிர, யூதர் என்று நினைக்கவில்லை. அதே மனிதர் எபிரேயத்தில் பாடிய ‘அரச மகுடம்’ என்ற நெடும்பாட்டை யூதர்கள் யோம் கிப்பூர் நோன்பில் ஓதிக்கொண்டிருந்தார்கள். 1846-இல்தான் பாரிஸில் சாலமோன் முங்க் என்ற அறிஞர், பழைய எபிரேயச் சுருக்கத்தையும் லத்தீனையும் ஒப்பிட்டு, இருவரும் ஒருவரே என்று நிறுவினார். பாட்டில் இறைவன் முன் மண்டியிடுகிறவரும் நூலில் பொருள், வடிவம், இறைச்சித்தம் என்று அடுக்கி வாதிடுகிறவரும் ஒரே ஆள்! அறிவை ஒரு பக்கமும் மறைஞானத்தை மறுபக்கமும் நிறுத்துகிறவர்களே, இந்த மனிதரை எந்தப் பக்கம் நிறுத்தப் போகிறீர்கள்? இந்த அவையில் எழுந்து பதில் சொல்லுங்கள், நான் உட்கார்ந்து கேட்கிறேன்.