பெயரில்லாத முகங்கள்

இத்தொடரில் இன்று புகைப்படக் கலை பற்றிச் சில எண்ணங்களை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். ஒருவரின் முகத்தைப் படம் பிடித்துவிட்டால் அவரை நாம் அறிந்துகொண்டவர்களாகி விடுவோமா? நம் காலத்துக் கலைஞர்கள் சிலர் இந்தக் கேள்வியைப் புகைப்படங்கள் மூலமே எழுப்பியிருக்கிறார்கள்.

முதலில் மலையகத்துக்குப் போவோம். பொகவந்தலாவையில் ஒரு தேவாலய வளவில் ஜூலியா மார்கரட் கமரன் என்ற அம்மையாரின் கல்லறை இருக்கிறது. 1815இல் கல்கத்தாவில் பிறந்த இவர், உலகப் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர். 1875இல் இலங்கை வந்து, 1879இல் இங்கேயே காலமானார். இங்கிலாந்தில் வாழ்ந்தபோது கவிஞர் டெனிசன், விஞ்ஞானி டார்வின் போன்றோரைப் படமெடுத்தார். அப்படங்கள் அவர்களின் பெயர்களாலேயே அறியப்படுகின்றன. இலங்கையில் அவர் எடுத்தவற்றுள் ஒன்று, 1878ஆம் ஆண்டின் 'களுத்துறைக் குடியானவர் குழு'. சிறுமிக்கு 12 வயது என்றும், முதியவர் தமக்கு 100 வயது என்கிறார் என்றும் குறிப்பு இருக்கிறது. பெயர்கள் மட்டும் இல்லை.

அழகை நாடிய கலைஞரே இப்படியென்றால், அளவை நாடியவர்களைப் பற்றி என்ன சொல்வது? 1869இல் லாம்ப்ரி என்பவர், பட்டு நூலால் இரண்டு அங்குலக் கட்டங்கள் அமைத்த சட்டத்தின் முன் மனிதரை நிறுத்திப் படமெடுக்கும் முறையை வகுத்தார். உடலை அளந்து இனங்களை ஒப்பிடலாம் என்பது நோக்கம். அந்தக் கட்டங்களின் முன் நின்றவர் ஒரு மனிதராக அன்றி, ஓர் 'இனத்தின் மாதிரி'யாகவே பார்க்கப்பட்டார்.

பெங்களூரைச் சேர்ந்த கலைஞர் புஷ்பமாலா இதே கட்டங்களின் முன் தாமே போய் நின்றார். புகைப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியுடன் இணைந்து 2000 முதல் 2004 வரை அவர் உருவாக்கிய படத்தொகுதியின் பெயர், 'தென்னிந்தியச் சுதேசப் பெண்கள்: பழக்கங்களும் வழக்கங்களும்'. பழைய இனவியல் நூலின் தலைப்பைப் போலவே கேலியாக வைத்த பெயர். அதில் ரவிவர்மாவின் இலட்சுமியாக வருபவரும் அவரே. நீலகிரித் தோடர் பெண்ணும் அவரே. பத்திரிகையில் வந்த கைதிப் பெண்ணும், தமிழ்த் திரைப்படத்தில் சவுக்கேந்தி நின்ற நாயகியும் அவரே. ஒரே முகம் இத்தனை 'வகை'களாக மாறும்போது, வகை என்பது முகத்தில் இல்லை, திரையிலும் உடையிலும் தலைப்பிலும்தான் இருக்கிறது என்பது நமக்குப் புலப்படுகிறது.

நண்பர் ஒருவர் இதை ஏற்கவில்லை. "படித்த நகரத்துப் பெண் வேடத்தைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். உண்மையான தோடர் பெண் எங்கே போவாள்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் புஷ்பமாலா தாம் வேடம் புனைந்த விதத்தையும் படங்களாக்கி அத்தொகுதியிலேயே சேர்த்திருக்கிறார். தோடர் பெண்ணுக்காகப் பேசுவதாக அவர் சொல்லவில்லை. அவளைப் பற்றிய படம் எப்படிச் செய்யப்படுகிறது என்பதையே காட்டுகிறார்.

நம் நாட்டின் அனோலி பெரேரா வேறு வழியில் போனார். 2010–2011 காலத்தில் அவர் செய்த படங்களில், பழைய ஸ்டூடியோப் படங்களின் பாணியில் பெண்கள் அமர்ந்திருப்பார்கள். முகத்தைக் கூந்தல் மூடியிருக்கும். பார்க்க வந்த நமக்கு முகம் கிடைப்பதில்லை. நாம் எதற்காகப் பார்க்க வந்தோம் என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நேயர்களே, இப்படங்கள் என்னைத் தொட்டதற்கு ஒரு காரணம் உண்டு. என் அம்மாயி தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். அவருக்கு இரண்டே படங்கள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவரானவர்களில் அவரும் ஒருவர். பின்னாளில் விண்ணப்பத்துக்காக அற்றனில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது ஒன்று. சிரிக்க வேண்டாம் என்றார்களாம், சிரிக்கவில்லை. பின்புறத்தில் அவர் பெயரைக் கணக்கப்பிள்ளை எழுதிக் கொடுத்தார்.

மற்றையது யாரோ ஒரு வெள்ளைக்காரர் மலையில் எடுத்தது. கூடையோடு சிரித்தபடி நிற்கிறார். அது ஒரு கலண்டரில் வந்தது. அம்மா கடையொன்றில் கண்டு, வருடம் முடிந்ததும் கேட்டு வாங்கி வந்தார். அம்மாயிக்கு எழுத்துத் தெரியாது.

"எம் பேரு எங்கன போட்டுருக்கு?" என்று கேட்டார்.

நான் அப்போது பள்ளிக்கூடம் போகும் சிறுவன். கீழே ஆங்கிலத்தில் இருந்தது, 'தேயிலை கொய்யும் தமிழ்ப் பெண்' என்பது மட்டுந்தான். அதன்மேல் விரலை வைத்து, "இதுதான் அம்மாயி" என்றேன். அவர் அந்த வரியைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

அன்று சொன்ன பொய் இன்றும் உறுத்துகிறது. நாட்டின் பிரஜை என்று ஏற்கப்படாத ஒருத்தியின் முகம் நாட்டின் அழகாகச் சுவரில் தொங்கியது. பெயர் எழுதிய படத்தில் சிரிப்பில்லை. சிரித்த படத்தில் பெயரில்லை. புஷ்பமாலாவின் கட்டங்களும் அனோலியின் கூந்தலும் இந்த இடைவெளியைத்தான் எனக்குக் காட்டின.

உங்கள் வீட்டிலும் பழைய படங்கள் இருக்கும். இன்றிரவு அவற்றை எடுத்துப் பாருங்கள். அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே, பின்புறத்தில் பெயர்களை எழுதி வையுங்கள். நான் கலண்டர்ப் படத்தின் அந்த வரிக்குக் கீழே என் அம்மாயியின் பெயரை எழுதிவிட்டேன். ஆனால் அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன.