மனிதன் முன்னேறிவிட்டானா?
(தொழிலாளர் கல்வி வகுப்பில் ஆற்றிய உரை)



போன வகுப்பில் ஒரு தம்பி கேட்டார்: "குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்கிறீர்கள். அப்படியென்றால் காலம் போகப் போக நாம் தானாகவே முன்னேறுவோம்தானே? பிறகு சங்கம் எதற்கு?"

முதலில் ஒன்று. இன்றிருக்கும் குரங்கிலிருந்து மனிதன் வரவில்லை. இரண்டுக்கும் மூதாதை ஒன்று. 1859இல் டார்வின் எழுதிய நூல், சூழலுக்குப் பொருந்தியது பிழைக்கும் என்றது. பிழைத்தது நன்றாக வாழும் என்று சொல்லவில்லை. மனிதன் நிமிர்ந்து நடந்தான், கை விடுதலையானது. அதே நிமிர்வுதான் இடுப்பு வலியையும் கொடுத்தது. அது கூடையைத் தலையில் மாட்டி மலை ஏறுகிற நம் பெண்களுக்குத் தெரியும், புத்தகம் வேண்டியதில்லை! பயிர்த்தொழில் வந்தபோது களஞ்சியம் நிறைந்தது. ஆனால் ஆரம்ப கால விவசாயிகளின் எலும்புகளைப் பார்த்தால், பல இடங்களில் வேட்டையாடியவர்களைவிட உயரம் குறைவு, சொத்தைப் பல் அதிகம். களஞ்சியம் யார் கையில் இருந்தது என்பதே கேள்வி.

நம் கதைக்கு வருவோம். 1869இல் கோப்பியில் நோய் விழுந்தது. தோட்டங்கள் தேயிலைக்கு மாறின, துரைமாரும் மாறினார்கள். லயம் மாறவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் இன்றும் குடும்பங்கள் இருக்கின்றன. 1931இல் நம்மவர் பலருக்குக் கிடைத்த வாக்குரிமை 1949இல் பறிபோனது. குடியுரிமைப் பிரச்சினை தீர 2003 வரை சட்டம் போடவேண்டியிருந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் 1984இல்தான் வந்தது. அதுகூட வேலைநிறுத்தம் செய்து வந்தது, காலம் கனிந்து வரவில்லை.

இப்போது கொழுந்தெடுக்கக் கத்தரி வந்திருக்கிறது. நான் கத்தரிக்கு எதிரி இல்லை. விரல் வெடிப்பு குறைந்தால் நல்லதுதான். ஆனால் சில தோட்டங்களில் கத்தரி வந்த கையோடு பேருக்கான கிலோவையும் ஏற்றிவிட்டார்கள். ஒரு கிலோ தூளுக்கு நாலரை, ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அந்தக் கணக்கு மாறவில்லை. அப்படியென்றால் கத்தரி மிச்சப்படுத்திய நேரம் எங்கே போனது? பிள்ளைக்காம்பராவுக்கா, அடுப்படிக்கா, கம்பனிக் கணக்குக்கா?

தம்பி, சங்கம் எதற்கு என்றால் இதைக் கேட்கத்தான். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு தோட்டத் தலைவரும் மாதர் தலைவியும் மூன்று விஷயங்களை எழுதி வாருங்கள்: கத்தரி வருமுன் பேருக்கு எத்தனை கிலோ, இப்போது எத்தனை கிலோ, தராசில் கூடைக்கும் ஈரத்துக்கும் எவ்வளவு கழிக்கிறார்கள். துரையிடம் பேசப்போகும்போது அந்தத் தாள் நம் கையில் இருக்கவேண்டும்.