மெல்லிய படலத்துள் ஒரு பெரிய மாற்றம்
(நூற்றாண்டு விழா அறிவியல் அரங்கில் ஆற்றிய உரை)



உயர்தர வகுப்பில் நாம் படித்த பௌதிகவியலில் மின்தடை ஓர் அலகு, காந்தவியல் இன்னோர் அலகு. இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தொம்சன், காந்தப்புலத்தினால் இரும்பினதும் நிக்கலினதும் தடை சிறிது மாறுவதை 1857 இல் அறிவித்தார். மின்னோட்டம் காந்தமாக்கற் திசைக்குச் சமாந்தரமாக ஓடினால் தடை கூடும்; செங்குத்தாக ஓடினால் குறையும். நிக்கலும் இரும்பும் கலந்த பேர்மலோய்ப் படலத்திலுங்கூட இம்மாற்றம் சில சதவீதமே.

1988 இல் நிலைமை மாறியது. பிரான்சில் அல்பேர்ட் பேர்ட் குழுவினரும் ஜேர்மனியில் பீற்றர் கிறூன்பேர்க் குழுவினரும், இரும்புப் படலங்களுக்கிடையே ஏறத்தாழ ஒரு நனோமீற்றர் தடிப்பில், அதாவது சில அணுக்களின் தடிப்பில், குரோமியத்தை வைத்து ஆராய்ந்தனர். அயற்படலங்கள் எதிரெதிராகக் காந்தமாகியிருக்கையில் தடை உயர்ந்திருந்தது. புறக்காந்தப்புலத்தால் அவற்றை ஒரே திசைக்குத் திருப்பியதும் தடை வீழ்ந்தது. பிரெஞ்சுக் குழுவின் பல்லடுக்கில், மிகத் தாழ்ந்த வெப்பநிலையில், அது ஏறத்தாழப் பாதியாகியது.

காரணம் எளிது. இலத்திரனுக்கு மின்னேற்றத்தோடு தற்சுழற்சியும் உண்டு. படலங்கள் ஒரே திசையில் காந்தமாகியிருந்தால் ஒருவகைத் தற்சுழற்சியுடைய இலத்திரன்கள் எல்லாவற்றையும் இலகுவில் கடந்துவிடும். எதிரெதிராயின் இருவகையும் ஏதோவொரு படலத்தில் இடறும்.

1997 இல் இவ்விளைவு வன்தட்டுகளின் வாசிப்புத் தலையில் இடம்பெற்றது. சின்னஞ்சிறு காந்தப் பொட்டுகளையும் வாசிக்க முடிந்ததால் சிறிய தட்டில் பெருந்தகவல் அடங்கியது. 2007 இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

சகோதரிகளே, இம்மலருக்கென நீங்கள் அனுப்பிய பழைய படங்களும் ஒரு வன்தட்டிலேதான் சேர்ந்திருக்கின்றன. வீடுவாசலை விட்டு இடம்பெயர்ந்த வேளையிலும் சிலர் பொத்திக் கொண்டுவந்த படங்கள் அவற்றுள் உண்டு. தொம்சனின் அளவீட்டிலிருந்து இவ்வாசிப்புத் தலை வரை நூற்று நாற்பது ஆண்டுகள் சென்றன. அதுவரை ஆய்வுகூடங்களில் பொறுமையாக அளந்தவர்கள் இருந்தார்கள்.

இன்று எமது பாடசாலையில் பௌதிக விஞ்ஞானப் பிரிவைத் தெரிவுசெய்யும் பிள்ளைகள் மிகச் சிலரே. இன்னும் குறைந்தால் அவ்வகுப்பை நடத்துவதே கடினமாகிவிடும். ஆய்வுகூடத்துக்கு உபகரணம் தருவோர் தாருங்கள். அதைவிட முக்கியம், இத்துறையில் இருப்போர் மாதத்தில் ஒரு மணிநேரமாவது இப்பிள்ளைகளோடு பேசுங்கள். தமக்கு முன் இவ்வழியே சென்ற அக்காமார் இருக்கிறார்கள் என்பதை அவர்கள் அறியட்டும்.