பிரித்து ஒட்டிய அட்டை

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்குப் பகுதியில் கிடக்கும் சித்தூர் வட்டத்தில் காகிதத்திற்கு ஆண்டு முழுவதும் ஓய்வில்லை. ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து ஈரம் வந்து சேர்கிறது. மார்கழி, தை மாதங்களில் கணவாய் வழியே கிழக்கிலிருந்து வறண்ட காற்று வீசுகிறது. பங்குனி, சித்திரையில் ஓட்டு வீட்டுப் பரண் அடுப்பைப்போல் காய்கிறது. ஈரத்தை உண்ட அட்டை விரியும். வறண்ட அட்டை சுருங்கும். அதன்மேல் ஒட்டிய பிளாஸ்டிக்கோ ஈரத்திற்கு அசைந்து கொடுப்பதில்லை. ஒன்று இழுக்க மற்றொன்று நிற்க, இடையிலுள்ள பசை நாளடைவில் அறுகிறது. ஆகவே, கொழிஞ்சாம்பாறையிலோ வேலந்தாவளத்திலோ பரணிலிருந்து இறக்கிய ஒரு பழைய பொம்மையின் அட்டை விட்டுப்போயிருக்கக் கண்டால், அது எவரோ செய்த வஞ்சனை என்று உடனே முடிவு கட்டிவிடலாகாது. அட்டை தானாகவும் விடும். பிறர் பிரித்தும் விடும். இவ்விரண்டையும் பிரித்தறிவது எங்ஙனம், விட்டதை நேர்மையாகச் செப்பனிடுவது எங்ஙனம் என்பதே இப்பேச்சின் பொருள்.

நேயர்களே, இது சிறுபிள்ளை விவகாரமன்றோ என்று சிலர் நகைக்கக்கூடும். பொம்மை சிறுபிள்ளையுடையதுதான், அதற்கு இன்று விலை கொடுப்போர் சிறுபிள்ளைகள் அல்லர். 1964ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் ஜி. ஐ. ஜோ என்னும் போர்வீரன் பொம்மையை வெளியிட்டது. ஆண்பிள்ளைகள் பாவை வைத்து விளையாட நாணுவர் என்று கருதி, அதனைப் பாவை என்னாது ‘ஆக்‌ஷன்’ உருவம் என்று பெயரிட்டு விற்றார்கள். 1982இல் அது ஏறக்குறைய நாலங்குல உயரத்திற்குச் சுருங்கி, அச்சிட்ட அட்டையின்மேல் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குமிழுக்குள் அமர்ந்து கடைகளில் தொங்கலாயிற்று. சென்னையின் எம். ஆர். எஃப். நிறுவனம் ஹாஸ்ப்ரோவுடன் கூட்டுச் சேர்ந்து 1987இல் ஃபன்ஸ்கூல் நிறுவனத்தைத் தொடங்கிற்று. கோவாவில் தொழிற்சாலை அமைந்தது. ஜி. ஐ. ஜோ வீரர்கள் அதன்பின் இந்திய அட்டையில் பிறந்தார்கள். அச்சு அமெரிக்காவினுடையதேயாயினும் வண்ணங்கள் பலவிடங்களில் வேறாக அமைந்தன. அந்த வேற்றுமைக்காகவே அயல்நாட்டார் இன்று அவற்றைத் தேடி வாங்குகின்றனர்.

நம்மவர் நிலையோ வேறு. சித்தூர்த் தமிழர் வீடு பெயராமலே, 1956இல் எல்லைகள் வரையப்பட்டபோது, கேரள மாநிலத்தவராயினர். வேறு பலரோ பிழைப்பை நாடிப் பம்பாய்க்கும் டில்லிக்கும் பெயர்ந்தனர். வீடு மாறும்போது டிரங்குப் பெட்டியில் கோயமுத்தூர்க் கடையில் வாங்கிய பொம்மையும் ஏறிற்று. பிரிக்காமல் வைக்கப்பட்டது பெரும்பாலும் சேகரிப்பு ஆசையினால் அன்று. மாமா தந்த பரிசைக் கெடுத்துவிடுவான் என்று தாய் அலமாரியில் பூட்டிவைத்ததே காரணம். இன்று அதற்கு விலையுண்டு என்று கேள்விப்பட்டு விற்பவரும், அதனை நம்பி வாங்குபவரும் பெருகிவிட்டனர். பிரியாத அட்டைக்கும் பிரிந்த அட்டைக்கும் விலையில் பெருத்த வேற்றுமை உண்டு. அந்த வேற்றுமையே மறு ஒட்டுக்காரருக்கு ஊதியம்.

தொழிற்சாலையில் ஒட்டும் முறையை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். அட்டையின் முகத்தில் சூட்டினால் இளகும் மெருகு ஒன்று பூசப்பட்டிருக்கும். குமிழின் விளிம்பை அதன்மேல் வைத்துச் சூடான தகட்டினால் ஒரே அழுத்தாக அழுத்துவர். மெருகு இளகிக் காகித நாரோடு பற்றிக்கொள்ளும். நீர்மப் பசை அங்கே பிதுங்கி வழிவதில்லை. விளிம்பு நெடுகிலும் பிடிப்பு ஏறக்குறைய ஒரே சீராக இருக்கும். இத்தகைய ஒட்டைக் கையால் பிரித்தால் காகிதத்தின் மேற்படலம் கிழிந்து, அச்சுப் போய், வெண்ணார் தெரியும். தானாக விட்ட அட்டையில் பெரும்பாலும் மெருகு மட்டும் விலகி அச்சு அப்படியே நிற்கும்.

இருட்டறையில் டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மேடு பள்ளமும், விரல் நகம் நெம்பிய தடமும் நிழலாக எழும். உடனே பிடிக்கும் அந்தச் சூப்பர் பசை பட்ட இடத்தருகே பிளாஸ்டிக்கின்மேல் வெண்பனிபோல் ஒரு பூப்புப் படிந்திருக்கும். இருபுறமும் ஒட்டும் டேப்பாயின் பழுப்பு நிறம் காகிதத்திற்குள் ஊறியிருக்கும். புறஊதா ஒளி தரும் சிறு விளக்கும் உதவும். ஒட்டுப்போட்ட காகிதமோ பசையோ சுற்றுப்புறத்தைவிட வேறுவிதமாக ஒளிர்ந்தால் ஐயுறலாம். ஆயினும் அவ்வொன்றை மட்டும் கொண்டு தீர்ப்புச் சொல்லலாகாது.

அட்டையே புதிதாக அச்சிடப்பட்ட போலியாயின்? பூதக் கண்ணாடியை வையுங்கள். ஆஃப்செட் அச்சில் வண்ணப் புள்ளிகள் ஒழுங்காகப் பூவிதழ்போல் வட்டமிட்டு நிற்கும். வீட்டுக் கணினி அச்சில் அவை மணல் தெளித்தாற்போல் சிதறிக்கிடக்கும். பின்புறத்து எழுத்துக்களும் சாட்சி சொல்லும். எல்லா வரிகளும் அடங்கிய அதிகபட்சச் சில்லறை விலையை அச்சிடுதல் 1990ஆம் ஆண்டு விதித் திருத்தத்தினால் கட்டாயமாயிற்று. வரி தனி என்று அச்சிட்ட அட்டை அதற்கு முற்பட்டதாதல் இயல்பு. முகவரியில் மதராஸ் என்றிருப்பின் 1996இல் பெயர் மாறியதற்கு முற்பட்டது எனலாம். கையிருப்பு அட்டையைச் சில காலம் செலவழித்திருக்கவும் கூடும். இவ்வளவு செய்தி ஒரு பொம்மை அட்டையின் முதுகில் இருக்கிறது. அதனைச் சுரண்டி ஒட்டுவோர் அழிப்பது விலையை மட்டும் அன்று.

இனி, முன்னொருவர் மோசமாக மறு ஒட்டுச் செய்த அட்டை நம் கைக்கு வந்ததாகக் கொள்வோம். முதல் வேலை பழைய பசையை நீக்குதல். மெல்லிய, முனை மழுங்கிய தகட்டினால் பொறுமையாகத் தளர்த்த வேண்டும். டேப்பின் பசை இளஞ்சூட்டில் இளகும். கூந்தல் உலர்த்தும் கருவியைத் தொலைவில் பிடித்தால் போதும், அருகே பிடித்தால் குமிழ் நெளிந்துவிடும். நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனை அறவே தொடாதீர்கள். அது குமிழையும் அச்சு மையையும் ஒருங்கே உண்டுவிடும். சூப்பர் பசையாயின் விட்டுவிடுவதே நலம் என்பது என் கருத்து. அதனை எடுக்க முயல்வோர் அட்டையையும் சேர்த்து எடுத்துவிடுகின்றனர்.

எழுந்து நிற்கும் நாரைப் படியவைக்கக் கோதுமை மாவுச்சத்துப் பசை சிறந்தது. மாவைப் பிசைந்து ஒட்டும் பசையம் நீக்கிய வெண்சத்தை மட்டும் காய்ச்ச வேண்டும். நம் பைண்டர்கள் மயில்துத்தம் கலந்து காய்ச்சும் மைதாப் பசை புத்தகத்தைப் பூச்சியிடமிருந்து காக்க ஏற்பட்டது. இங்கே அது கறை செய்யும். ஊசி முனையளவு தடவி, மேலும் கீழும் உறிஞ்சுதாள் வைத்து, பாரம் ஏற்றி ஒருநாள் விடுக. போன வண்ணத்தைத் தீட்டி நிரப்புவதில் எனக்கு உடன்பாடு இல்லை. 1964இல், ஜி. ஐ. ஜோ பிறந்த அதே ஆண்டில், வெனிஸ் நகரில் கூடிய அறிஞர்கள் பழங்கட்டடங்களுக்கு ஒரு சாசனம் வகுத்தார்கள். புதிதாகச் சேர்த்தது மொத்தத்தோடு இசைய வேண்டும், ஆனால் பழையதினின்றும் வேறென்று தெரியவும் வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. கோபுரத்திற்கு ஆனது அட்டைக்கும் ஆகும்.

குமிழைத் திரும்ப ஒட்டுவதா? ஒட்டாமலே நிறுத்தலாம். அட்டையின் அளவுக்குச் செய்த அக்ரிலிக் உறையில் வைத்தால், அதன் முன்சுவரே குமிழைத் தன் இடத்தில் தாங்கிக்கொள்ளும். அங்கே பசையும் இல்லை, பொய்யும் இல்லை. வேண்டும்போது வெளியே எடுக்கலாம்.

இவ்விடத்தில் ஒரு சிக்கல் உண்டு. சேகரிப்போர் அதனைப் பேச விரும்புவதில்லை. ஜி. ஐ. ஜோ வீரனின் மார்பையும் இடுப்பையும் இணைத்து நிற்பது உள்ளே மாட்டிய சிறு ரப்பர் வளையம். ரப்பர் முதுமையடையும். பல ஆண்டுகள் சென்றபின், குமிழ் பிரியாமலே உள்ளிருக்கும் வீரன் இரு துண்டாய்க் கிடப்பதுண்டு. அட்டையைக் காக்க வேண்டின் பொம்மை துண்டாகவே கிடக்கும். பொம்மையைச் செப்பனிட வேண்டின் அட்டையைப் பிரித்தாக வேண்டும். விலைக்காக வைத்திருப்பவர் பிரியார். தம் பிள்ளையின் பொம்மை என்று வைத்திருப்பவர் தாராளமாகப் பிரிக்கலாம். புது வளையத்தின் விலை அற்பமே. பிரித்து, வளையம் மாற்றி, மீண்டும் மூடி, பிரியாதது என்று விற்பவரை மட்டும் நாம் மன்னிக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் இத்தகைய பொம்மைகளைச் சோதித்து, மதிப்பெண் இட்டு, பெட்டியில் முத்திரையிட்டுத் தரும் நிறுவனங்கள் உண்டு. நம் வீட்டுப் பொம்மைக்கு அவ்வளவு செலவு பெரும்பாலும் வேண்டுவதில்லை.

மஞ்சளித்த குமிழை வெளுக்க வைக்கும் வித்தைகளை நம்பாதீர்கள். பி. வி. சி. என்னும் அப்பிளாஸ்டிக் ஒளியாலும் வெப்பத்தாலும் சிதைந்து அமில ஆவியை விடுகிறது; மஞ்சள் அதன் அடையாளம். வந்ததை நீக்க முடியாது, வேகத்தைக் குறைக்கலாம். பரணை விட்டு இறக்கி, வெயில் படாத உள்ளறை அலமாரியில் செங்குத்தாக நிறுத்துங்கள். காற்றுப் புகாத பையில் இறுக மூடினால் அவ்வாவி உள்ளேயே தங்கித் தீங்கு செய்யும். அந்துருண்டையும் ஆகாது, அதன் ஆவி சிலவகைப் பிளாஸ்டிக்கை இளகச் செய்யும். கரப்பானுக்கும் வெள்ளிப் பூச்சிக்கும் அலமாரியைத் துடைத்து உலர்வாக வைப்பதே மருந்து.

செப்பனிட்டது முடிந்ததும் ஒரு துண்டுக் காகிதத்தில் பென்சிலால் எழுதுங்கள்: எந்தத் தேதியில், எந்த மூலையில், எந்தப் பசை, குமிழ் தானாக விட்டதா, பிரிக்கப்பட்டதா, வளையம் பழையதா, புதியதா. மை வேண்டா, அது ஊறும். அத்துண்டை அட்டையில் ஒட்டாமல் உறைக்குள் பின்புறமாகச் செருகி வையுங்கள். விற்க நேரின் அதுவும் பொம்மையோடு போகட்டும்.